காத்தாடி பார்த்துக் கிளம்பு

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் பதினோரு காத்தாடி தெரியும். பேப்பரில் காற்றாலை என்று எழுதுவார்கள். பாவூர்சத்திரம் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனி, ஆடி மாசங்களில் காலை ஐந்தரைக்குக் காபி டம்ளரோடு மாடி ஏறி, அதில் நாலைந்தைப் பார்த்துவிட்டு இறங்குவது என் பழக்கம். இறக்கை சுற்றுகிற வேகம் ஒரு கணக்கு. அது முகம் திருப்பி நிற்கிற திசை இன்னொரு கணக்கு. காற்று வருகிற பக்கம் பார்த்து நிற்கிற மாதிரிதான் அதைச் செய்திருக்கிறார்கள். ஆகவே காத்தாடி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் முதலில் போக வேண்டும். வீடு திரும்பும்போது காற்று முதுகில் இருக்கும். எட்டு வருஷமாக இந்தப் பக்கத்துச் சாலைகளில் சைக்கிள் மிதித்து நான் படித்த பாடம் மொத்தமே இவ்வளவுதான். மீதி எல்லாம் கிளைக்கதை. கிளைக்கதை கொஞ்சம் நீளம்.

குற்றால சீசன் வந்தால் சென்னை, கோயம்புத்தூர் சைக்கிள் நண்பர்கள் போன் போடுவார்கள். "உங்க ஊர்ப்பக்கம் நல்ல ரூட் சொல்லுங்க. எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஏத்தம்?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: எந்த மாசம் வாரீங்க? ஐம்பது கிலோமீட்டர் என்பது தை மாசம் ஒரு தூரம், ஆடி மாசம் வேறு தூரம். மேப்பில் அது தெரியாது.

எனக்கே அது தெரியாமல்தான் இருந்தது. உரக்கடை வைத்திருக்கிறவன் நான். விதை, உரம், பூச்சிமருந்து. நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து தொப்பை விழுந்து, டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்த பார்வைக்குப் பயந்து, கியர் சைக்கிள் வாங்கினேன். வளைந்த ஹேண்டில்பாரும் ஒல்லி டயரும் உள்ள ரோடு சைக்கிள். வாங்கிய முதல் ஆடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழரை மணிக்கு ஆற அமரக் கிளம்பி, திருநெல்வேலி ரோட்டில் கிழக்கே விட்டேன். மிதித்தேனா, பறந்தேனா என்றே தெரியவில்லை. மீட்டரில் 35, 36, ஓர் இறக்கத்தில் 44. ஆலங்குளம் வந்ததே தெரியாமல் தாண்டியது. முக்கால் மணி நேரத்தில் சீதபற்பநல்லூர். ஒரு டீயைக் குடித்துவிட்டு, நமக்குள் இப்படி ஒரு வீரன் இத்தனை நாள் தூங்கிக்கொண்டா இருந்தான் என்று வியந்தபடி சைக்கிளைத் திருப்பினேன்.

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பெடலை அழுத்துகிறேன், சைக்கிள் நகர மாட்டேன் என்கிறது. டயரில் காற்று இறங்கிவிட்டதோ என்று இரண்டு தடவை இறங்கி நெருக்கிப் பார்த்தேன். டயர் கல் மாதிரி இருந்தது. இறங்கியது என் காற்றுதான். வரும்போது அரை மணிக்கும் குறைவாக வந்த தூரம், ஆலங்குளம் வரை மட்டும், ஒன்றேகால் மணி நேரம். கண்ணில் மண், காதில் ஓயாத இரைச்சல். அங்கே ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது, சந்தைக்குத் தக்காளி ஏற்றிப் போன லோடு ஆட்டோக்காரர் நிறுத்தினார். நம் கடை வாடிக்கையாளர்.

"என்ன அண்ணாச்சி, பஞ்சரா?"

"இல்ல தம்பி. காத்து."

"காத்தடிக்கப் பம்பு இல்லையா?"

விளக்கம் சொல்லத் தெம்பு இல்லை. சைக்கிளைத் தக்காளிப் பெட்டிகளுக்கு மேலே படுக்கவைத்து, நான் முன்னால் உட்கார்ந்து, ஊர் வந்து சேர்ந்தேன். ஒரு வாரம் கடையில் இதே பேச்சு.

பிறகுதான் யோசித்தேன். நின்ற காற்றில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன், எதிரே அதே 20-இல் காற்று வந்தால் 40-ஐ நெஞ்சில் வாங்குகிறான். எதிர்ப்பு இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். காற்றின் கணக்கு வர்க்கத்தில் ஏறுகிற கணக்கு. மலை ஏறினால் உச்சி என்று ஒன்று வரும். எதிர்க்காற்றுக்கு உச்சி கிடையாது.

எங்கள் பக்கம் மட்டும் ஏன் இத்தனை காற்று என்றால், மேற்கே பார்த்தால் போதும். வடக்கே திருவில்லிபுத்தூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே பாபநாசம் தாண்டியும் மலை ஒரே சுவராக நிற்கிறது. அந்தச் சுவரில் செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுப் பக்கம் ஒரு தாழ்வு. கொல்லம் ரோடும் ரயிலும் அந்தச் சந்து வழியாகத்தான் போகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று மழையை அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டிவிட்டு, கை வீசிக்கொண்டு இந்தச் சந்துக்குள் நுழைந்து எங்கள் மேல் பாய்கிறது. குற்றாலத்துக்குச் சாரல், செங்கோட்டை தென்காசிக்குத் தூறல், எங்கள் ஊருக்கு வரும்போது வெறும் காற்று. அதனால்தான் எங்கள் பக்கம் பனைக்குப் பக்கத்தில் காத்தாடி, காத்தாடிக்குப் பக்கத்தில் பனை.

சரி, ரூட்டுக்கு வருகிறேன். ஆடி மாசத்துக்கு என் ரூட் மேற்கே போவது. கடை ஒன்பது மணிக்குத் திறக்க வேண்டும், அதனால் ஐந்தே முக்காலுக்குள் கிளம்பிவிடுவேன். விடியும் நேரத்தில் காற்று சற்றே களைத்திருக்கும். வெயில் ஏற ஏற அதற்கு வெறி ஏறும். களைத்திருக்கும்போதே எதிர்த்துப் போய்விட வேண்டும்.

முதலில் குளத்துக்கரை. கீழப்பாவூர்ப் பெரியகுளத்தில் தண்ணீர் இருந்தால் நாரையும் நீர்க்காகமும் இருக்கும்; இல்லாவிட்டால் மாடு மேயும். அதைத் தாண்டி கிராமத்துச் சாலைகளில் வடமேற்காக வளைந்து வளைந்து போனால் சிற்றாறு. பாலத்தில் ஒரு நிமிஷம் நிற்பேன். சாக்கு மூச்சுவாங்குவது. உண்மையில் தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பதற்கு. கலங்கி வந்தால் முந்தின ராத்திரி மலையில் நல்ல மழை, அருவியில் குளிக்கத் தடை போட்டிருப்பார்கள் என்று அர்த்தம்.

அப்புறம் சுந்தரபாண்டியபுரம். இந்தப் பெயரைச் சொன்னால் கேரளத்திலிருந்து வருகிறவர்களுக்கு முகம் மலரும். 1992-இல் வந்த 'ரோஜா' படத்தில் வருகிற ஊர். 'அந்நியன்' பாட்டுக்காகப் பாறையில் நடிகர்கள் முகம் வரைந்தார்களே, அந்தப் பாறையும் இங்கேதான். அதற்கு அந்நியன் பாறை என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் ஆடியில் கூட்டம் வருவது சூரியகாந்திக்கு. சுந்தரபாண்டியபுரம், சாம்பவர்வடகரை, ஆய்க்குடி என்று ரோட்டின் இரண்டு பக்கமும் ஏக்கர் கணக்கில் மஞ்சள்.

சூரியகாந்தி நாள் முழுக்கச் சூரியனைப் பார்த்துத் திரும்பும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். பாதிதான் சரி. இளஞ்செடியாக இருக்கும்வரை திரும்பும். பூ விரிந்து முற்றிவிட்டால் கழுத்து விறைத்துப்போய்க் கிழக்கே பார்த்தபடி நின்றுவிடும். விதை விற்கிறவன் என்கிற முறையில் இதை ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன்; ஆனால் சைக்கிளில் போன பிறகுதான் எனக்கே உறைத்தது. காலையில் மேற்கே பார்த்து எதிர்க்காற்றில் தலையைக் குனிந்து முக்கிக்கொண்டு போகும்போது, ஆயிரக்கணக்கான பூவும் கிழக்கே திரும்பி என்னையே பார்க்கிறது. அதே ரோட்டில் சாயங்காலம் காற்றோடு ஜாலியாக வந்தால் எல்லாம் முதுகு. பச்சைக் காம்பும் வாடிய இலையும்தான். ரசிக்க வேண்டுமானால் எதிர்க்காற்றில் போ என்று அந்தச் செடியே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது.

படம் எடுக்க வருகிறவர்கள் வயலுக்குள் இறங்கி மிதிப்பதால் சில வயல்காரர்கள் தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறார்கள். எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. பூ முற்றும் நேரத்தில் கிளிக்கூட்டம் இறங்கி விதையைக் கொறித்துவிட்டுப் போகும். கிளியிடம் யார் காசு வாங்க முடியும்? எங்கள் கடைக்கு வருகிறவர் ஒருவர் ஒருதடவை என்னிடமே பஞ்சாயத்துக்கு வந்தார். "நீரு வித்த வெதைதானவே, கிளிக்கு மட்டும் பிடிக்கக் கூடாதுன்னு ஒண்ணு இருந்தாக் குடும்."

ஆய்க்குடிக்குக் கொஞ்சம் முன்னால்தான் அந்தப் பையனைப் பிடித்தேன். இல்லை, அவன்தான் என்னைப் பிடித்தான். போன வருஷம். ஸ்பெஷல் கிளாசுக்குப் போகிற பிளஸ் டூ பையன். அரசு கொடுத்த இலவச சைக்கிள், கேரியரில் பை, ஹேண்டில்பாரில் டிபன் தூக்கு. நான் கியரை இறக்கி, முதுகை வளைத்து, 17-இல் போய்க்கொண்டிருக்கிறேன். பின்னால் செயின் கவர் உரசுகிற சத்தம். திரும்பினால், அரை முழம் தள்ளி ஒட்டிக்கொண்டு வருகிறான். நான் வேகம் கூட்டினால் அவனும் கூட்டுகிறான். மூச்சுகூட வாங்கவில்லை. இரண்டு கிலோமீட்டர் இப்படியே. எனக்கு மானம் போகிற மாதிரி இருந்தது.

"தம்பி, முன்னால போறியா?"

"வேண்டாம் சார். உங்க முதுகுக்குப் பின்னால காத்தே இல்ல. லாரிக்குப் பின்னால போற மாதிரி இருக்கு."

உலகம் பூராவும் சைக்கிள் பந்தயக்காரர்கள் செய்கிற வேலை இதுதான். முன்னால் போகிறவன் காற்றைக் கிழிப்பான். பின்னால் ஒட்டி வருகிறவனுக்கு உழைப்பு நன்றாகவே குறையும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவன் அதைக் கண்டுபிடித்துவைத்திருந்தான். லாரி என்று சொன்னது என் உடம்பைப் பார்த்தா என்பதை நான் கேட்டுக்கொள்ளவில்லை. பந்தயத்தில் ஆள் மாற்றி ஆள் முன்னால் போவார்கள் என்று விவரம் சொன்னேன். கேட்டுக்கொண்டான். பள்ளிக்கூட வாசல் வரை முன்னால் வரவில்லை.

ஆய்க்குடியிலிருந்து தென்காசி. கோபுரம் தூரத்திலேயே தெரிய ஆரம்பித்துவிடும். ஒன்பது நிலைக் கோபுரம். நேரம் இருந்தால் வாசல் வரை போவேன். கோபுர வாசலில் நிற்கிறவர்களின் வேட்டியும் சேலையும் படபடக்கும். உள்ளேயிருந்து யாரோ ஊதுகிற மாதிரி காற்று. அதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை உண்டு. எனக்கு அது மலைச்சந்திலிருந்து வரும் அதே பயல்தான், கோயிலுக்குள்ளும் விடாமல் வந்திருக்கிறான் என்று தோன்றும்.

தென்காசியிலிருந்து இலஞ்சி வழியாகச் செங்கோட்டை. நகரத்தை விட்டதும் தென்னந்தோப்பும் வயலும். இந்த எட்டு கிலோமீட்டரில் காற்றின் ருசி மாறும். அதுவரை வறண்டு முகத்தில் அடித்தது, இப்போது ஈரமாக அடிக்கும். கை ரோமத்தில் பொடிப்பொடியாகச் சாரல் நிற்கும். கண்ணாடி மங்கும். எதிர்க்காற்றுதான், ஆனால் கோபம் வராது.

செங்கோட்டையில் டீ. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்து ஊர். பழைய ஓட்டு வீடுகளின் சாய்ப்பைப் பார்த்தாலே அது தெரியும்; டீக்கடையில் பாதிப் பேர் இரண்டு பாஷையும் பேசுவார்கள். வாஞ்சிநாதன் சிலைக்குப் பக்கத்தில் சைக்கிளைச் சாத்திவைத்து நின்றால், யாராவது ஒருவர் வந்து விலை கேட்பார். உண்மையைச் சொன்னால் வண்டியே வாங்கலாமே என்று சொல்வார்கள் என்பதால், மச்சான் கொடுத்தது என்று சொல்லிவிடுவேன். எனக்கு மச்சான் கிடையாது.

அங்கிருந்து திரும்புவதுதான் வரம். செங்கோட்டையில் சைக்கிளைக் கிழக்கே திருப்பியதும் சத்தம் நின்றுவிடும். இதுதான் முதலில் தெரிவது. ஒன்றரை மணி நேரமாகக் காதில் அடைத்திருந்த இரைச்சல் சட்டென்று இல்லை. செயின் ஓடுகிற சத்தம் கேட்கும், டயர் தார்மேல் உரசுவது கேட்கும், எங்கோ மயில் அகவுவது கேட்கும். நாம் போகிற வேகமும் காற்றின் வேகமும் ஒன்றானால் உலகமே நின்ற மாதிரி இருக்கும். மீட்டரில் பார்த்தால் 33. வாடகை வாகனத்தில் வீடு திரும்புகிற சுகம். தென்காசி தாண்டி, பாவூர்சத்திரம் சந்தைக்குப் போகிற காய்கறி வண்டிகளோடு சேர்ந்து, எட்டரைக்குள் வீடு. மொத்தம் ஐம்பதை ஒட்டி. குளித்து, இரண்டு தோசையை விழுங்கி, ஒன்பதுக்கு ஷட்டர்.

அந்தத் திருநெல்வேலி–தென்காசி ரோட்டைப் பற்றி ஒரு புலம்பல். நாலுவழிச் சாலைக்காக ஓரத்து மரங்களை வெட்டினார்கள். ரோடு அகலமானது, சரி. ஆனால் புளியும் மருதமும் நின்ற இடத்தில் இப்போது வெட்டவெளி. காற்றைத் தடுத்தது அந்த மரங்கள்தான் என்பது வெட்டிய பிறகுதான் தெரிந்தது. காரில் போகிறவருக்கு நிழல்தான் நஷ்டம். எனக்குச் சுவரே போனது.

ஞாயிறு என்றால் கடை கிடையாது. அன்றைக்குச் செங்கோட்டையிலிருந்து வடக்கே பண்பொழி வரை போவேன். ஊரில் பம்புளி என்றுதான் சொல்ல வேண்டும். பண்பொழி என்று கேட்டால் வழி சொல்ல யோசிப்பார்கள். அங்கே திருமலைக் குமாரசாமி மலைமேல் இருக்கிறார். நடந்து போக அறுநூற்றுச் சொச்சம் படி, வண்டி போகத் தனி ரோடு. ரோடு நீளமில்லை, ஆனால் செங்குத்து. கொண்டை ஊசி வளைவில் சீட்டை விட்டு எழுந்து நின்று மிதிக்க வேண்டும். முதல் தடவை மூன்று இடத்தில் நின்றேன். மூன்றாவது இடத்தில், படி ஏறி வந்த ஓர் ஆச்சி எனக்கு முன்னால் மேலே போய்ச் சேர்ந்துவிட்டார். மேலே போய் மேற்கே பார்த்தால் மலையும் மேகமும். கிழக்கே பார்த்தால் வயலும் குளமும் தோப்பும் கண் எட்டும் வரை, அதன் கடைசியில் வெள்ளைக் குச்சி குச்சியாகக் காத்தாடிகள். அங்கே ஒன்றின் கீழேதான் என் வீடு.

பம்புளியிலிருந்து மேக்கரைக்குப் போகிற ரோடு இன்னும் அழகு, ஆனால் விடிகாலையில் போக வேண்டாம். வடகரை, மேக்கரைத் தோப்புகளுக்குள் யானை இறங்குவது அங்கே அடிக்கடி நடக்கிற காரியம். வெயில் வந்த பிறகு போங்கள்.

செங்கோட்டையிலிருந்து மேற்கே, புளியரை தாண்டி மலை ஏறும் ரோட்டைப் பற்றியும் கேட்பார்கள். 'எஸ் வளைவு' என்று பேர் பெற்ற இடம். பேரே ஆசையைக் கிளப்பும். நான் கோட்டைவாசல் வரை ஒரே ஒருமுறை ஏறினேன். ஜல்லியும் மணலும் ஏற்றிய லாரிகள் ராப்பகலாக வரிசை கட்டி ஏறுகின்றன. வளைவில் அந்த லாரியின் பின்சக்கரம் உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும்; அந்த உள்பக்கத்தில்தான் நாம் இருப்போம். அதன்பிறகு போகவில்லை. பிரானூர் பார்டரில் புரோட்டா சாப்பிடுவதோடு என் எல்லை முடிந்தது. அதற்குக் காரில் போவதே மேல். சாப்பிட்டபின் மிதிக்க முடியாது.

காற்று மிதமாக இருக்கிற நாளில் தெற்கே கடையம். மலை வலதுகை ஓரத்தில் கூடவே வரும். தோரணமலை ஒற்றைப் பாறையாக எழும்பி நிற்கும். காற்று இங்கே எதிரே வராது, பக்கத்திலிருந்து தள்ளும். எதிர்க்காற்று நாணயமானது, என்ன செய்யப்போகிறது என்று தெரியும். பக்கக்காற்று அப்படி இல்லை. ஒரு தோப்பு ஓரமாகப் போகும்போது சாதுவாக இருக்கும், தோப்பு முடிந்ததும் ஓர் உந்து உந்தி ரோட்டு நடுவுக்குக் கொண்டுபோய்விடும். பின்னால் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டேதான் தோப்பைத் தாண்ட வேண்டும்.

இந்த ரோட்டு ஊர்களில் திண்ணைக்குத் திண்ணை பீடி சுற்றுவார்கள். மடியில் சொளவு, சொளவில் வெட்டிய இலையும் தூளும். விரல் மட்டும் ஓடும், கண் ரோட்டில் இருக்கும். ஆடியில் பாருங்கள், திண்ணையில் ஒரு ஆள் இருக்காது. தூள் பறந்துவிடும் என்று நடைக்குள்ளே போய்விடுவார்கள். ஐப்பசி பிறந்து காற்று அடங்கியதும் திரும்பத் திண்ணைக்கு வருவார்கள். காத்தாடி தெரியாத ஊரில் எனக்கு இதுதான் அடையாளம். கடையத்துக்கு முன்னால் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டு நின்றபோது ஓர் ஆச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் பஞ்சு வைத்த சைக்கிள் டவுசருக்கு மேலே வெட்கத்துக்காக ஒரு லூஸ் டவுசரும் போட்டிருந்தேன்.

"எய்யா, எங்க இருந்து வாரிய?"

"பாவூர்சத்திரம் ஆச்சி."

"பஸ்ஸு ஓடலையோ?"

"ஓடுது ஆச்சி. உடம்புக்காகத்தான்."

"உடம்புக்குன்னா எங்க வயல்ல களை கெடக்கே."

செம்பில் தண்ணீர் தந்தவரிடம் எதிர்த்துப் பேச முடியுமா? சிரித்துவிட்டு வந்தேன். கடையம் செல்லம்மாள் பிறந்த ஊர். பாரதி புதுச்சேரியை விட்டு வந்து 1918 முதல் 1920 வரை இருந்ததும் இங்கேதான். இப்போது இருவருக்கும் சேர்த்து அங்கே சிலை இருக்கிறது. இந்த மலையையும் இந்தக் காற்றையும் எதிரே வைத்துக்கொண்டு அந்த மனிதர் எத்தனை தூரம் நடந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு போனால் கால்வலி தெரியாது. கொஞ்ச தூரத்துக்கு.

பஞ்சர் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பதிவு பொய்யாகிவிடும். எங்கள் பக்கம் குடை பிடித்த மாதிரி நிற்கிற உடை மரங்கள் அதிகம். உடைமுள் வெள்ளையாக, நீளமாக, தையல் ஊசி மாதிரி இருக்கும். ஆடு மேய்க்கிறவர்கள் கிளையை வெட்டிப் போட்டுவிட்டுப் போனால் ரோட்டில் சிதறிக் கிடக்கும். என்னுடைய 25 எம்எம் டயர் அதற்குத் தோசை மாதிரி. முதல் வருஷம் ஒன்பது பஞ்சர். இப்போது 32 போட்டிருக்கிறேன். வேகம் ஒன்றும் குறையவில்லை, எலும்புக்கும் நல்லது.

அந்த ஒன்பதில் ஒன்று ஒரு சின்ன ஊரில், வேப்பமரத்தடிக் கடையில். அண்ணாச்சி டியூபை உருவினார். பேசினில் முக்கிக் குமிழ் பார்த்தார், உப்புத்தாள் தேய்த்தார், சொலூஷன் தடவினார், ஊதிக் காயவைத்து ஒட்டுப் போட்டார். எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற கை. காற்றடிக்கும்போதுதான் நின்றார். ரோடு சைக்கிள் டியூபின் வால்வு ஒல்லியாக, நீளமாக, நுனியில் ஒரு குட்டித் திருகோடு இருக்கும், பிரெஸ்டா என்பார்கள். அவருடைய பம்பின் வாய் இதைப் பிடிக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு வால்டியூப் எங்க?"

"இதுல வால்டியூப் கெடையாது அண்ணாச்சி."

"வால்டியூப் இல்லாம காத்து எப்படிய்யா நிக்கும்?"

நாற்பது வருஷம் வால்டியூப் மாட்டியவர் கேட்கிற நியாயமான கேள்வி. என் பையில் சுண்டுவிரல் நகமளவு ஒரு பித்தளைத் தொப்பி உண்டு. நுனித் திருகைத் தளர்த்தி, அதை மாட்டினால் மோட்டார்சைக்கிள் வால்வு மாதிரி ஆகிவிடும். மாட்டினேன், காற்று ஏறியது. அந்தத் தொப்பியைத் தாமே கழற்றிக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். இன்னொன்று இருக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அடுத்தமுறை அந்தப் பக்கம் போனபோது, பம்பு ஓசில் சணலால் கட்டித் தொங்கவிட்டிருந்தார். வேறு யாராவது வந்தார்களா என்று கேட்டேன். "ஒருத்தனும் வரல. வந்தா வேணும்லா."

விழுந்தது ஒரே ஒரு முறை. லாரியாலும் இல்லை, நாயாலும் இல்லை, உளுந்தால். அறுவடைக் காலத்தில் கிராமத்து ரோடுதான் களம். உளுந்தையும் சோளத்தையும் கதிரோடு பரப்பிவைத்து, போகிற வண்டி மிதித்துக் கொடுக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். பஸ்ஸுக்கு ஒன்றும் இல்லை. ஒல்லி டயருக்கு அது குண்டுமணி பரப்பிய தரை. பிரேக் பிடித்தேன், முன்சக்கரம் தனியாகப் போனது. முழங்கையும் முட்டியும் சிராய்ப்பு. ஓடி வந்த அம்மா முதலில் பார்த்தது உளுந்து சிந்தியதா என்று, அப்புறம் என்னை. நானும் விவசாயிகளை வைத்துப் பிழைப்பவன், கோபப்பட முடியவில்லை. அவரோடு உட்கார்ந்து உளுந்தை ஓரமாக ஒதுக்கிவிட்டுத்தான் வந்தேன். பின்கியரில் சுற்றிய செடியை எடுக்கத்தான் வீட்டில் அரை மணி நேரமானது. பரப்பியிருந்தால் பிரேக்கைத் தொடாதீர்கள், நேராக உருட்டிவிடுங்கள், அல்லது இறங்கித் தள்ளுங்கள்.

மார்கழி வந்துவிட்டால் இத்தனை கணக்கும் தேவையில்லை. வடகிழக்குப் பருவம் ஓய்ந்து, குளமெல்லாம் நிரம்பி, பிசான நெல் நட்ட வயல் பச்சைப்பசேலென்று நிற்கும். காத்தாடிகள் பாதி நாள் தூங்கும். லேசாக வாடை வீசும், அவ்வளவுதான். அந்த மாசத்துக்கென்று ஒரு பெரிய ரூட் போட்டுவைத்திருக்கிறேன். எங்கள் மாவட்டத்து அணைகளின் நீர்மட்டம் தினமும் பேப்பரில் வரும், பக்கத்திலேயே முழு அளவும்: கடனா 85 அடி, ராமநதி 84, கருப்பாநதி 72, குண்டாறு 36, அடவிநயினார் 132. சின்ன வயசிலிருந்து அப்பா சத்தமாக வாசித்து வாசித்து எனக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். ஐந்தும் மலையடியில் தெற்கு வடக்காக வரிசையாக இருக்கின்றன. ஐந்தையும் ஒரே நாளில் சைக்கிளில் தொட வேண்டும் என்பது திட்டம்.

போன மார்கழியில் இறங்கினேன். இருட்டோடு கிளம்பி, ஆழ்வார்குறிச்சிப் பக்கம் கடனா. பனிக்குள் மலையே தெரியவில்லை. தண்ணீர் மட்டும் தெரிந்தது. கடையம் வந்து ராமநதி. தென்காசியில் இட்லி. செங்கோட்டை தாண்டிக் குண்டாறு. ஐந்தில் சின்னது, பெரும்பாலும் முதலில் நிரம்புவது. பம்புளி, மேக்கரை, அடவிநயினார். அங்கே கரைமேல் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தபோது மணி ஒன்றரை. காலில் தெம்பு இருந்தது, டயரில் காற்று இருந்தது, வீசுகிற காற்று சுத்தமாக இல்லை. அச்சன்புதூர், கடையநல்லூர் வழியாகப் போனால் கருப்பாநதி ஒன்றரை மணி நேரம்.

போன் வந்தது. கடைப் பையன். யூரியா லோடு இறங்கியிருக்கிறது, லாரிக்காரர் காத்திருக்க மாட்டாராம், சாவி என்னிடம்.

மேக்கரையிலிருந்து கடை வரை ஒரே மூச்சில் மிதித்தேன். நாலு அணை ஆயிற்று, கருப்பாநதி பாக்கி. இப்போது ஆடி பாதி முடிந்திருக்கிறது. இதை எழுதும்போது மாடிக் கதவு படபடவென்று அடிக்கிறது. பதினோரு காத்தாடியும் மேற்கே பார்த்துக்கொண்டிருக்கின்றன. கடைச் சாவிக்கு இன்னொன்று வெட்டிவைத்தாயிற்று.